கப்பல் கல்லிலிருந்து இரண்டு இருபது நடை

கல்லறைத் தோட்டத்தைச் சுற்றிப் பார்க்கப் போகிறவர்களை எனக்குப் பிடிக்காது. பார்ப்பதற்கு உலகத்தில் எவ்வளவோ இருக்கிறது. தாராசுரத்துக்குப் போய்த் தூணைப் பார்க்கலாம். திருவையாற்றில் அசோகா அல்வா வாங்கித் தின்றுகொண்டே காவிரியைப் பார்க்கலாம். செத்தவர்கள் படுத்திருக்கிற இடத்தில் போய் வேடிக்கை பார்ப்பது என்ன பழக்கம் என்று என் வகுப்பிலேயே பிள்ளைகளைத் திட்டியிருக்கிறேன். அப்படிப்பட்ட நான் ஒரு சனிக்கிழமை காலை பத்து மணிக்கு, கையில் ஒரு ஜெராக்ஸ் தாளுடன், மயிலாடுதுறைக்குக் கிழக்கே கடலோரத்திலிருக்கும் ஒரு பழைய துறைமுக ஊரில், வெள்ளைக்காரர் கல்லறைத் தோட்டத்தின் இரும்புக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன்.

போனது என் அப்பாவைத் தேடி.

அப்பா சாகும்போது எனக்கு ஐந்து வயது. அவர் முகம் எனக்கு நினைவில்லை. நினைவிருக்கிறது என்று பள்ளிக்கூடத்தில் சிநேகிதிகளிடம் சொல்லிக்கொண்டு திரிந்ததெல்லாம் பொய். அப்போது ஆட்சி மாறிய புதிது. டவுன் முழுக்கக் கறுப்பு சிவப்புக் கொடி. எங்கள் சேரி முனையில் செங்கொடி. மிராசுதார் தெருவுக்கு இரண்டுமே ஆகவில்லை. எங்கள் ஆட்கள் அறுவடைக் கூலியைக் கூட்டிக் கேட்டார்கள். அவர்கள் வெளியூரிலிருந்து ஆள் இறக்குவோம் என்றார்கள். இரண்டு தரப்பும் முறைத்துக்கொண்டு நின்ற அந்த மார்கழியில் அப்பாவுக்கு மஞ்சள் காமாலை கண்டு, ஒன்பதாம் நாள் போய்விட்டார்.

எங்கள் சேரியிலிருந்து இடுகாட்டுக்குத் தனிப் பாதை கிடையாது. மிராசுதாரின் வரப்பு மேல்தான் பிணம் போகும், காலங்காலமாக அப்படித்தான் போயிற்று. கொடி நட்ட வருடம், 'என் வரப்புல ஒரு கால் படக்கூடாது' என்று கம்போடு ஆள் நிறுத்திவிட்டார்கள். வரப்புக்கு இரண்டு பக்கமும் கதிர் முற்றிச் சாய்ந்து கிடந்தது. பிணத்தை வைத்துக்கொண்டு அடிதடி வேண்டாம் என்று எங்கள் ஆட்கள் முடிவு செய்தார்கள். ஆற்றங்கரை சர்க்கார் புறம்போக்கு, அதில் நடப்பதை எவனும் தடுக்க முடியாது. அதனால் கரையோடு கரையாக, ஏழு மைல், அந்தத் துறைமுக டவுனுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். நாங்கள் வேதக்காரர்கள், டவுனில் சபைக் கல்லறை இருந்தது. எனக்கு அம்மா சொன்னது ஒரே ஒரு வாக்கியம்: "ஒங்கப்பாவ டவுன்ல பொதச்சோம்."

டவுனில் எங்கே என்று நான் கேட்டதே இல்லை. வெட்கத்தை விட்டுத்தான் இதை எழுதுகிறேன். அம்மா நாற்று நட்டுப் படிக்க வைத்தாள், நான் படித்தேன், டீச்சரானேன், தஞ்சாவூரில் வீடு பார்த்து அவளையும் கூட்டிக்கொண்டு வந்தேன். வருடா வருடம் நவம்பரில் கல்லறைத் திருநாள் வரும். தெருவில் மற்ற வேதக்காரர்கள் சுண்ணாம்பு வாளியும் செவ்வந்தி மாலையும் மெழுகுவத்தியுமாகக் கிளம்புவார்கள். "அடுத்த வருஷம் போவோம்மா" என்பேன். அம்மாவும் "ம்" என்று சொல்லிவிட்டு அரிசி களையப் போய்விடுவாள். நானும் ஒரு கடமை தப்பியது என்று பேப்பர் திருத்த உட்கார்ந்துவிடுவேன்.

பிறகு ஒருநாள் அம்மாவுக்கு வாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. வாய் கோணி, பேச்சு குழறியது. இங்கே அவள் பேச்சை நான் நேராக்கித்தான் எழுதுகிறேன். "இன்னொரு தடவை வந்தா சொல்றதுக்கில்ல டீச்சர்" என்று டாக்டர் சொல்லியிருந்தார். சாயங்காலம் நான் அவளுக்குப் பேப்பர் படித்துக் காட்டுவது வழக்கம். ஒருநாள் மூலையில் ஒரு சின்னச் செய்தி. அந்தத் துறைமுக ஊரின் பழைய வெள்ளைக்காரர் கல்லறைத் தோட்டத்தில் முள் வெட்டி, நடைபாதை போட்டு, நம்பர் வைத்திருக்கிறார்களாம். வாசலில் இருக்கும் தாளை எடுத்துக்கொண்டு யார் வேண்டுமானாலும் தாங்களே சுற்றிப் பார்க்கலாமாம். நான் பாட்டுக்குப் படித்துக்கொண்டு போனேன். அம்மா இடது கையால் என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"அங்கதான்டி ஒங்கப்பா இருக்காரு."

"எங்க?"

"அந்த வெள்ளக்காரன் தோட்டத்துலதான்."

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. முப்பது வருடத்துக்கு மேல் ஆயிற்று, இதைச் சொல்ல இப்போதுதான் வாய் வந்ததா என்று கத்தினேன். அம்மா நான் கத்தி முடிக்கும்வரை இருந்துவிட்டுச் சொன்னாள். சபைக் கல்லறையில், கொடி பிடித்த ஊர்ப் பிணம், போலீஸ் கேஸ் வரும் என்று பயந்து இடம் தரவில்லை. பொழுது சாய்கிற நேரம். ஏழு மைல் திரும்பித் தூக்க முடியாது. அப்போது வெள்ளைக்காரர் தோட்டத்துக் காவல்காரர், அவரும் எங்களைப் போல ஒரு சேரியிலிருந்து வந்தவர், பக்கவாட்டுக் கதவைத் திறந்துவிட்டார். "வெளிய தெரிஞ்சா என் வேல போயிரும்மா" என்றாராம். அவர் கையில் அடித்து அம்மா சத்தியம் செய்து கொடுத்தாள். அந்தச் சத்தியத்துக்காகத்தான் மெழுகுவத்தி இல்லை, மாலை இல்லை, பெற்ற பெண்ணிடம்கூட ஒரு வார்த்தை இல்லை.

"அந்தக் காவக்காரரு போயி ஆறு மாசம் ஆச்சுன்னு போன வாரந்தான் சேதி வந்துச்சு. இல்லன்னா இப்பவும் சொல்லிருக்க மாட்டேன்" என்றாள். அப்புறம் அவள் கண் கலங்கியது. "பாத போட்டுருக்காங்கன்னு படிக்கிறியே, அவரு மேல நடப்பாங்களேடி. எடம் தெரியாம மிதிப்பாங்களே. நீ போயி அவரு எங்க இருக்காருன்னு பாத்துட்டு வந்து சொல்லு. அது தெரியாம நான் போகமாட்டேன்."

என் அம்மா என்னிடம் எதையும் கேட்டதே இல்லை. புடவைகூட நானாக எடுத்துக் கொடுத்தால்தான்.

அடையாளம் கேட்டேன். அம்மாவுக்கு எழுத்து தெரியாது, ஆனால் தலைக்குள் எல்லாம் இருந்தது. கப்பல் செதுக்கிய கல் ஒன்று நிற்கும். அதிலிருந்து வெயில் முகத்தில் அடிக்க ரெண்டு இருவது நடை. அவள் இருபது இருபதாகத்தான் எண்ணுவாள், ரெண்டு இருவது என்றால் நாற்பது. கல் நட நாதியில்லாததால் குழி தோண்டக் கொண்டுபோயிருந்த அப்பாவின் மம்பட்டியையே காம்பைக் கழற்றிவிட்டுத் தலைமாட்டில் மண்ணோடு மண்ணாக அடித்து இறக்கியிருந்தார்கள். "எடது முனை ஒடஞ்சிருக்கும். கருங்கல்லுல பட்டு ஒடஞ்சுது, அவரே சொல்லிச் சொல்லி வருத்தப்படுவாரு" என்றாள்.

அதுதான் அந்தச் சனிக்கிழமை.

வாசலில் ஒரு தகரப் பெட்டியில் தாள்கள் இருந்தன. ஒரு பக்கம் இங்கிலீஷ், மறுபக்கம் தமிழ். ஒன்றிலிருந்து பதினான்கு வரை நம்பர் போட்டுக் கையால் வரைந்த படம். தமிழ் என்றால் அப்படி ஒரு தமிழ்! 'காலமெனும் பெருங்கடலில் கரைந்த கனவான்கள்' என்று ஆரம்பித்தது. கைப்பையில் சிவப்புப் பேனா இருந்தது, கை துறுதுறுத்தது, அடக்கிக்கொண்டேன். தாளில் போட்டிருந்த வரிசைப்படியே நடந்தேன். நேராகக் கப்பல் கல்லுக்குப் போகப் பயமாக இருந்தது என்பதுதான் உண்மை.

உள்ளே வேப்ப மரங்கள், வெட்டிய கருவேலத்தின் கட்டைகள், இரண்டு ஆடுகள். கல்லறைகள் சில மாடம் வைத்து வீடு போலவே இருந்தன. வெறும் பலகைக் கற்களும் கிடந்தன. நம்பர் மூன்றில் ஒரு பதினொரு நாள் குழந்தை. அதற்குப் பக்கத்திலேயே அதன் அம்மா, பத்தொன்பது வயது. நம்பர் ஐந்தில் ஒரே வீட்டில் நான்கு பிள்ளைகள், எல்லாம் காய்ச்சல், எல்லாம் மழைக்காலம். துரைமார்கள் என்றால் சுகமாக இருந்துவிட்டுப் போனார்கள் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். யார் பெற்ற பிள்ளைகளோ, எந்த ஊர்க் குளிரில் பிறக்கவேண்டியதோ, இந்த உப்புக் காற்றில் வந்து புழுங்கிச் செத்திருக்கின்றன. பத்தொன்பது வயதுப் பெண்ணின் கல் மேல் ஆட்டுப் புழுக்கை கிடந்தது. தாளை மடித்து அதைத் தள்ளிவிட்டேன். கண்ணீர் வந்தது. எனக்கே ஆச்சரியம்தான், அப்பாவுக்காக இதுவரை ஒரு சொட்டு விட்டதில்லை.

நம்பர் ஏழு, கப்பல் கல். ஆள் உயரத்துக்கு நின்றது. மூன்று பாய்மரத்தோடு கப்பல், கீழே அலை. அம்மா சொன்னது அச்சாக அப்படியே இருந்தது. சரி, பொழுது சாயும்போது புதைத்தார்கள், வெயில் முகத்தில் அடித்தது என்றால் மேற்கே பார்த்து நடந்திருக்கிறாள். நானும் மேற்கே பார்த்து நடந்தேன். ஒன்று, இரண்டு, மூன்று. இருபத்திரண்டாவது நடையில் ஒரு தளபதியின் பெரிய மாடக் கல்லறை குறுக்கே வந்தது. அதைச் சுற்றிக்கொண்டு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தேன். முப்பத்து மூன்றில் மதில். எட்டிப் பார்த்தேன். அந்தப் பக்கம் யாரோ வீட்டுக் கொல்லை. என் நாற்பதாவது நடை விழவேண்டிய இடத்தில் ஒரு பெண் துணி துவைத்துக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, இங்க எப்பவாவது பொதச்ச எடம் ஏதும் இருந்துச்சா?" என்று கேட்டேன்.

"சனிக்கெழமையும் அதுவுமா வந்து கேக்குற கேள்வியப் பாரு! வாயில நல்ல வார்த்த வராதா ஒனக்கு?" என்று சோப்புத் தண்ணீரை என் பக்கமாகவே கொட்டினாள்.

தப்பு அவள் மேல் இல்லை. மதிலோரமாக முழுக்கத் தேடினேன். மம்பட்டியும் இல்லை, மண்மேடும் இல்லை. வெயில் ஏறிவிட்டது. திரும்பும் வழியில் நம்பர் ஒன்பது என்று சிமெண்டில் ஒரு வட்டம் போட்டிருந்தார்கள். 'இவ்வட்டத்தில் நின்று மேற்கே நோக்கினால் தளபதியின் மாடம் முழுமையாகத் தெரியும். புகைப்படம் எடுக்க உகந்த இடம்' என்றது தாள். அந்த வட்டத்தில் நின்று பாட்டில் தண்ணீரைக் குடித்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, பஸ்ஸுக்குப் போனேன்.

மயிலாடுதுறையில் ஒரு மணி நேரம், கும்பகோணத்தில் ஒரு மணி நேரம், பஸ் பஸ்ஸாக மாறி வீட்டுக்கு வரும்போது எனக்குப் பொறுமை சுத்தமாகத் தீர்ந்திருந்தது. அம்மா கதவையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். மத்தியானம் கஞ்சிகூடக் குடிக்கவில்லை என்று பார்த்துக்கொள்ள வந்த பெண் சொன்னாள்.

"பாத்தியா?"

"என்னத்தப் பாக்குறது? நீ சொன்ன எடத்துல மதிலு இருக்கு. மதிலுக்கு அந்தாண்ட ஒருத்தி துணி தொவைக்கிறா. ஒனக்கு ஞாபகம் பெசகிப் போச்சும்மா. எனக்கு லீவு நாளே ஒண்ணுதான்."

சொல்லியிருக்கக் கூடாது. சொன்னேன். அம்மா கேட்டாள், "நீ எப்படி நடந்த?"

"இதென்ன கேள்வி? எல்லாரும் நடக்குற மாதிரிதான். வெயில் மொகத்துல அடிக்க, மேக்க பாத்து."

"மொகத்த மேக்க வச்சிக்கிட்டு எந்தப் பக்கம் போன?"

"மேக்கதான். மொகம் பாக்குற பக்கந்தானே கால் போவும்?"

அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள். பத்தாங்கிளாஸ் பையன் வாய்ப்பாட்டில் திணறினால் நான் பார்க்கிற பார்வை அது. நன்றாயிருந்த இடது கையைப் போர்வை மேல் வைத்தாள். ஆள்காட்டி விரலையும் நடு விரலையும் இரண்டு கால்களாக ஊன்றினாள். விரல்கள் பின்பக்கமாக, அவள் நெஞ்சை நோக்கி, சின்னச் சின்னதாக எட்டு வைத்து வந்தன.

"பின்னாடிதான்டி. கல்லப் பாத்தபடி பின்னாடியே வந்தேன். குதிகாலு புது மண்ணுல பட்டுச்சு, நின்னேன். ரெண்டு இருவது."

"எதுக்கு பின்னாடி நடந்த?"

"பின்ன முன்னாடியா நடப்பாங்க? முன்னாடி நடந்தா நட்ட நாத்த மிதிக்க மாட்டியா?"

நான் கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். ஏழு வயதில் வயலில் இறங்கியவள் அவள். குனிந்து, கை எட்டுகிற வரைக்கும் நாற்றை ஊன்றிவிட்டு, ஒரு எட்டுப் பின்னால் வைக்கவேண்டும். மறுபடி ஊன்றவேண்டும், மறுபடி ஒரு எட்டு. ஆயுசு முழுக்க அவள் நிலத்தை அளந்தது அப்படித்தான். அவளுக்கு ஒரு நடை என்றால் சேற்றில் குனிந்தபடி வைக்கிற அந்த ஒரு முழ நடை. அவள் நட்ட நாற்றில் சோறு தின்று வளர்ந்த எனக்கு அது தோன்றவில்லை. ஒரு நாள்கூட நான் நடவில் இறங்கியதில்லை, அவள் விட்டதில்லை. 'சேறு பட்டா எழுத்து ஒட்டாது' என்பாள். அவள் காலைப் பிடித்துக்கொண்டேன். "சரி விடு, அடுத்த வாரம் போ" என்றாள். "மொதல்ல கஞ்சி எடுத்தா."

அடுத்த சனிக்கிழமை மத்தியானத்துக்கு மேல் போனேன். கப்பல் கல்லுக்கு முகத்தைக் கொடுத்து நின்றேன், வெயில் சுளீரென்று முகத்தில் அடித்தது. புடவையைக் கொஞ்சம் தூக்கிச் செருகினேன். நிமிர்ந்து நின்றால் எட்டு பெரிதாகிவிடுகிறது என்று தெரிந்து, குனிந்தேன். குனிந்து, இரண்டு கையும் தரையைத் தொட, பின்னால் ஒரு எட்டு. ஒன்று. மறுபடி ஒரு எட்டு. இரண்டு. அரசுப் பள்ளி டீச்சர் ஒருத்தி வெள்ளைக்காரர் கல்லறையில் காற்றை நட்டுக்கொண்டு பின்னால் நடக்கிற காட்சியை யாராவது பார்த்திருந்தால் ஊரே சிரித்திருக்கும். பத்து எட்டுக்குள் இடுப்பு விண்விண் என்று தெறித்தது. இந்த இடுப்போடுதான் அவள் நாள் முழுக்க நட்டாளா! பதினெட்டாவது எட்டில் குடை பிடித்த ஒருவர் வந்து பக்கத்தில் நின்றார். தோட்டத்தைப் பராமரிக்கிற கமிட்டியின் செயலாளர் என்று சொல்லிக்கொண்டார். ரிட்டயரான மனிதர், காலில் பளபளவென்று பூட்சு. அந்தத் தாளை எழுதியவரும் அவர்தான் என்று பிறகு தெரிந்தது.

"ஏதாவது தொலைச்சிட்டீங்களாம்மா? நான் தேடித் தரட்டுமா?"

"ஆமா சார். எங்கப்பாவத் தேடுறேன். நடுவுல பேசாதீங்க, எண்ணிக்கை விட்டுப்போயிரும்."

பாவம், அவர் குடையை மடக்கிக்கொண்டு என்கூடவே, நான் பின்னால் வர வர அவரும் பின்னால் வந்தார். இருபது. இன்னொரு இருபது தொடங்கினேன். முப்பத்தெட்டில் கால் புல்லில் இருந்தது. முப்பத்தொன்பது. நாற்பதாவது எட்டில் குதிகால் சிமெண்டில் பட்டது.

திரும்பிப் பார்த்தேன். நம்பர் ஒன்பது.

போட்டோ பிடிக்க உகந்த இடம். போன வாரம் நான் நின்று தண்ணீர் குடித்த இடம். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். வாய்விட்டு அழுதேன், அசிங்கமாகத்தான் அழுதேன், மூக்கு ஒழுக. செயலாளர் கைக்குட்டையை நீட்டினார். விஷயத்தைச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, தயங்கித் தயங்கி, "ஆனா டீச்சர், தோட்டத்து ரிஜிஸ்டர் என்கிட்டதான் இருக்கு. அதுல அப்படி ஒரு அடக்கம் இல்லீங்களே" என்றார்.

"ரிஜிஸ்டர்ல எழுதிட்டு வர்ற மாதிரியா சார் அவங்க வந்தாங்க? வரப்புல விடல, சபையில விடல. எழுதுறதுக்குப் பேனா யாரு குடுத்தா?" என்று கத்தினேன். அவர் மேல் கத்தி என்ன பிரயோஜனம், அவர் அப்போது எங்கேயோ வேலையில் இருந்திருப்பார். பிறகு ஞாபகம் வந்து, "இந்த வட்டம் போடத் தோண்டினப்ப ஏதாவது கெடச்சுதா சார்?" என்று கேட்டேன்.

மனிதர் முகம் மாறியது. என்னை வாசலுக்குப் பக்கத்திலிருந்த காவல் அறைக்குக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே ஒரு மேசை மேல் வெள்ளைத் துணி விரித்து, வருகிறவர்கள் பார்க்கச் சில சாமான்கள் வைத்திருந்தார்கள். துருப்பிடித்த பெரிய சாவி, உடைந்த விளக்கு, பீங்கான் தட்டின் பாதி. அவற்றுக்கு நடுவில் ஒரு மம்பட்டி இலை. முன்னால் ஒரு அட்டை: 'ஐரோப்பியர் காலத்துத் தோண்டுகருவி.'

இடது முனை உடைந்திருந்தது.

நான் சிரித்தேன். அழுதுகொண்டிருந்தவள் அடக்கமுடியாமல் சிரித்தேன். வரப்பில் விடமாட்டேன் என்றார்கள், என் அப்பாவின் மம்பட்டி இங்கே வெள்ளைத் துணியில் துரைமார்களோடு சரிசமமாக உட்கார்ந்திருந்தது! செயலாளர் அந்த அட்டையை எடுத்து இரண்டாகக் கிழித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "மன்னிச்சிருங்க டீச்சர். எங்களுக்குத் தெரியலீங்க" என்றார். மம்பட்டியைப் பழைய பேப்பரில் சுற்றி அவரே என் கையில் கொடுத்தார். வட்டத்தை நாளைக்கே பெயர்த்து வேறு இடத்தில் போட்டுவிடுவதாகவும், அங்கே யாரும் கால் வைக்காமல் கம்பி கட்டிவிடுவதாகவும் சொன்னார். நல்ல மனிதர். அவர் தமிழை நான் அதற்குப் பிறகு கிண்டல் செய்ததில்லை.

வீட்டில் பேப்பரைப் பிரித்து மம்பட்டியை அம்மாவின் இடது கைக்குக் கீழே வைத்தேன். அவள் பார்க்கவில்லை, தடவினாள். விரல் போய் உடைந்த முனையில் நின்றது. "வந்துட்டாரு" என்றாள்.

சாப்பிட்ட பிறகு மிச்சத்தைச் சொன்னேன். அவர் தலைமாட்டில் சிமெண்ட் வட்டம் போட்டு, வருகிறவன் போகிறவன் எல்லாம் நிற்கிற மாதிரி செய்துவைத்திருக்கிறார்கள், நானே நின்றேன், ஆனால் கவலைப்படாதே, நாளைக்கு எடுத்துவிடுகிறார்கள் என்றேன். அவள் மனது கஷ்டப்படுமே என்று மெதுவாகத்தான் சொன்னேன்.

"யாரு யாரு வர்றாங்க அங்க?" என்று கேட்டாள்.

"எல்லாருந்தான். மெட்ராஸ்லேருந்து வர்றாங்க, வெளிநாட்டுக்காரங்க வர்றாங்க, காலேஜ் பிள்ளைங்க வருதுங்க. ஞாயித்துக்கெழமன்னா நெறைய."

"நம்ம மிராசுதார் தெருக்காரங்க?"

"அவங்க பேரப் பிள்ளைங்களும் வருவாங்கதான். எல்லாம் இப்ப வெளியூர்ல இருக்காங்க. ஊருக்கு வந்தா சுத்திப் பாக்க வருவாங்க. நீ மனசப் போட்டு ஒழப்பிக்காத, எடுத்துருவாங்க."

அம்மா கூரையைப் பார்த்துக்கொண்டு யோசித்தாள்.

"எடுக்க வேணாம்னு சொல்லு."

"என்னம்மா சொல்ற? மிதிப்பாங்களேன்னு நீதானே அழுத?"

"நிக்கட்டும். செருப்ப மட்டும் கழட்டிட்டு நிக்கச் சொல்லு." மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னாள். "அந்தத் தெருவுல ஒங்கப்பா ஒரு நாளு செருப்போட நடந்ததில்ல. தெரு மொனையிலயே கழட்டி கக்கத்துல வச்சிக்கிட்டுத்தான் போவாரு. மழையானாலும் அப்படித்தான், முள்ளானாலும் அப்படித்தான். அவருகிட்ட வந்து நிக்கிறவங்க ஒரு நிமிசம் கழட்டுனா என்ன கொறைஞ்சா போவாங்க?"

மறுநாள் செயலாளருக்குப் போன் செய்து சொன்னேன். "எழுதிடறேன் டீச்சர்" என்றார். எழுதினார். தாளில் ஒன்பதாம் நம்பருக்கு நேரே தளபதியின் மாடம் போய்விட்டது. 'இங்கே ஒரு விவசாயத் தொழிலாளி உறங்குகிறார். காலணிகளைக் கழற்றிவிட்டு நிற்கவும்' என்று மட்டும் இருந்தது. அலங்காரம் ஒன்றும் இல்லை. திருத்த எதுவும் இல்லை.

கல்லறைத் திருநாளுக்கு நான் மட்டும் போனேன். அம்மாவை அவ்வளவு தூரம் கொண்டுபோக முடியாது. மாலை வைத்தேன், மெழுகுவத்தி கொளுத்தினேன், ஒரு மணி நேரம் வேப்ப மரத்தடியில் உட்கார்ந்து பார்த்தேன். வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்டாள்.

"கழட்டுறாங்களா?"

"கழட்டுறாங்கம்மா."

"எல்லாருமா?"

"எல்லாரும். ஒருத்தர் கார்ல வந்தாரு, நல்ல வாட்டசாட்டமா, கயிறு கட்டுன பூட்சு போட்டுக்கிட்டு. தாளப் படிச்சிட்டு அக்கம்பக்கம் பாத்தாரு. அப்புறம் தரையில உக்காந்து அவுத்தாரு."

அம்மாவின் கண் விரிந்தது.

"தரையிலயா உக்காந்தாரு?"

"தரையிலதான்."

"அந்தக் கயித்த அவுக்க ரொம்ப நேரம் ஆச்சா?"

"ஆச்சும்மா. முடிச்சு விழுந்துருச்சு. ஒத்தக் காலு பூட்சோடயே அஞ்சு நிமிசம் மல்லுக்கட்டுனாரு."

வாதம் தொடாத பாதி முகத்தால் அம்மா சிரித்தாள்.

"ஆவட்டும்" என்றாள்.